விரல் ஏற்கவில்லை

2024 அக்டோபர் 21, திங்கள். மாலை 6.40. ஆட்கள்: 31.

பாய் 40, போர்வை 40, மின்விசிறி 12, கழிப்பறை 4 (ஒன்றில் தண்ணீர் ஏறவில்லை). ஐந்து மணிக்குத் திறப்பதாக இருந்தது. ரிப்பன் வெட்ட வேண்டியவர் வந்து சேர ஆறே கால். அதுவரை முப்பத்தோரு பேரும் வாசலில் தூறலில் நின்றார்கள். உள்ளே படுக்க இடம் தருவதற்காக ஆட்களை வெளியே நனையவைத்தோம். இதைச் சொன்னேன். பிலோமி அக்கா என் காலை மிதித்தார்.

இடம், ஈரோடு வேலவன் காலனி சமுதாயக் கூடம். மழைக்காலம் முடியும்வரை வீடற்றவர்களுக்கான தற்காலிகக் காப்பகம். ஐம்பது நாள். அறக்கட்டளை நடத்துகிறது. பிலோமி அக்கா பொறுப்பாளர், பதினாறு வருடமாக இதே வேலை. நான் தொழில்நுட்பம்: மின்சாரம், தண்ணீர், கேமரா, பதிவேடு, கைரேகைக் கருவி. படித்தது எலக்ட்ரானிக்ஸ். இது இடைக்கால வேலைதான். கூடத்தின் பின்னால் சாமான் அறையில் தங்குகிறேன். வேலை வசதிக்காக.

விதி: உள்ளே வருகிறவர் தினமும் மாலையில் கட்டைவிரல் வைக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு காப்பகத்தில் கணக்கில் வரக் கூடாது. இன்று முப்பது விரல் ஏற்றது. ஒன்று ஏற்கவில்லை. அறுபதைத் தாண்டிய ஒல்லி ஆள், சாயம் போன காக்கிச் சட்டை. பெயர் கேட்டேன்.

"கண்டக்டர்னு எழுதிக்குங்க தம்பி. அப்படிக் கூப்புட்டாத்தான் திரும்பிப் பாப்பேன்."

ஊர் கேட்டால் "எல்லா ஊருந்தான்" என்கிறார். கருவியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னேன். ஏற்கவில்லை. அவர் ஒன்றும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

நான்காவது கழிப்பறை சரி. பந்து வால்வில் துணி அடைத்திருந்தது. கல்யாணத் துண்டு.

முடி வெட்ட ஆள் வந்தார். 19 பேர் வெட்டிக்கொண்டார்கள். மருத்துவர் வந்தார். வழக்கறிஞர் வரவில்லை.

காலனி சங்கத் தலைவர் அருணகிரி நடைப்பயிற்சி உடையில் வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். என் வயரிங்கைப் பார்த்துவிட்டு எர்த் சரியில்லை என்றார். சரியாகத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கிற அத்தனை பேரின் பெயர், ஊர், ஆதார் எண் எழுதி ஒரு பட்டியல் திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம். இல்லையென்றால் கூடத்துக்குப் பூட்டு. காலனியில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்களாம். எங்களுக்குள்ளும் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள் என்றேன். அக்கா மறுபடி மிதித்தார்.

மாலைக் கணக்கு 34. பதிவேட்டை மூடும்போது, சுவரில் சாய்ந்திருந்த கண்டக்டர் தலையைக்கூடத் திருப்பாமல் "முப்பத்தஞ்சு" என்றார். மறுபடி எண்ணினேன். 34.

அக்டோபர் 24, வியாழன்

நேற்று நான் 33, அவர் 34. இன்று நான் 36, அவர் 37. தினமும் ஒன்று அதிகம். யாரோ ஒருவர் கருவிக்குத் தெரியாமல் உள்ளே இருக்கிறார், அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. மொட்டை மாடி, மேடைக்கு அடியில், சமையல்கட்டு, ஜெனரேட்டர் கொட்டகை எல்லாம் பார்த்தேன். பூனை மட்டும் இருந்தது.

கண்டக்டரின் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். தெளிவுக்கு நூற்றுக்கு அறுபதாவது காட்ட வேண்டும். இவருக்கு அதிகபட்சம் பதினொன்று. கல் உடைக்கிற ராக்கம்மாளுக்கே எழுபது காட்டுகிறது. முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவருக்கு ரேகை எங்கே போகும்?

கருவியில் கோளாறு இல்லை. ஆளில்தான் கோளாறு.

அக்டோபர் 25, வெள்ளி

விடிகாலை 5.45. மோட்டார் போடப் போனேன். துணி துவைக்கிற கல்லருகே கண்டக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பல் துலக்குகிறார் என்று நினைத்தேன். கையில் செங்கல் துண்டு. பெருவிரலை அதில் வைத்துத் தேய்க்கிறார். மெதுவாக, வட்டமாக, வலிக்கிற இடத்தில் நிறுத்தி ஊதிக்கொண்டு. அடுத்து ஆள்காட்டி விரல். பத்தும் முடிந்ததும் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, செங்கல்லைச் செடிக்குப் பின்னால் வைத்தார்.

காரணம் என்னவாக இருக்கலாம்? ஏதாவது வழக்கில் தேடப்படுகிறார். அல்லது வேறு பெயரில் இருக்கிறார். அல்லது இதைவிட மோசம். விரலை அழிக்கிறவனுக்கு மறைக்க ஒன்று இருக்கிறது. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

செங்கல்லை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அக்டோபர் 26, சனி

வேறு செங்கல்.

அக்டோபர் 27, ஞாயிறு

பிலோமி அக்காவிடம் சொன்னேன். அவர் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். சமையல்காரருக்குக் காய்ச்சல். "விரல்தானே ஜெகா, கழுத்தையா அறுக்கறாரு? விடு" என்றார். பட்டியலில் ஒரு பெயர் காலியாக இருந்தால் அருணகிரி கூடத்தைப் பூட்டுவார், நாற்பது பேர் மழையில் நிற்பார்கள் என்றேன். அவரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

மாத அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'குடும்பத்துடன் சேர்க்கப்பட்டோர்.' தலைமை அலுவலகம் முதலில் பார்ப்பது அதைத்தான். அக்கா அதை எப்போதும் கடைசியாக நிரப்புவாராம். எல்லாக் குடும்பமும் போய்ச் சேருகிற இடமில்லை என்கிறார். இது தகவல் இல்லை, கருத்து.

மாலை கண்டக்டரிடம் நேராகவே கேட்டேன். தினமும் ஒரு ஆள் கூடுதலாகச் சொல்கிறீர்களே, யார் அது, எங்கே ஒளிந்திருக்கிறார்?

அவர் சிரித்தார். பக்கத்துப் பாயில் இருந்த ராக்கம்மாளும் சிரித்தார்.

"உங்களச் சேர்த்துத்தானுங்க தம்பி. நீங்களும் இங்கதான படுக்கறீங்க? வண்டியில ஏறுன எல்லாருந்தான் கணக்கு."

நான் ஊழியர், என்னை எண்ணக் கூடாது என்று சொன்னேன். கோயம்புத்தூர் அறையைக் காலி செய்துவிட்டு வந்தது எனக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள விஷயம். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

அக்டோபர் 28, திங்கள்

இன்று இரண்டு முகாம். முன் கூடத்தில் கண் மருத்துவம். மேடையில் ஆதார். அட்டை தொலைத்தவர்கள், எண் மறந்தவர்கள் 22 பேருக்குப் பழைய பதிவைத் தேடி எடுத்தோம்.

ஆதார் பெட்டியில் கருவிழியைப் படமெடுக்கிற கருவியும் இருக்கிறது. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். விரலைத் தேய்க்கலாம். கண்ணை எதில் தேய்ப்பது?

கண்டக்டர் கண் மருத்துவ வரிசையில் நின்றார். பேருந்துப் பலகை படிக்க முடிவதில்லையாம். அவர் முறை வருவதற்குள் மேடைக்குக் கூப்பிட்டேன். "இங்கயும் கண்ணு பாக்கறாங்க, வாங்க" என்றேன். உட்கார்ந்தார். தாடையை உயர்த்தச் சொன்னேன். உயர்த்தினார். கண்ணைச் சிமிட்டாதீர்கள் என்றேன். சிமிட்டவில்லை. நல்ல ஒத்துழைப்பு.

கண்ணைப் பார்க்கிற கருவிதானே. நான் சொன்னதில் பொய் இல்லை.

நாலு விநாடி. நாச்சிமுத்து, வயது 66. முகவரி இதே ஊரில் ரங்கநாயகி நகர், இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். கைபேசி எண்ணும் இருந்தது. ஆறு கிலோமீட்டரில் வீடு இருக்கிறவர் இங்கே வந்து எதற்குப் படுக்கிறார்?

கீழே இறங்கும்போது "கண்ணு எப்படி இருக்குதுங்க தம்பி?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்றேன்.

பட்டியல் முழுசாக அருணகிரியிடம் போய்விட்டது. காலி இடம் இல்லை. அவருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

அக்டோபர் 29, செவ்வாய்

மழை. மேடைக்கு மேலே ஒழுகுகிறது. தார்ப்பாய் கட்டினேன்.

பதிவில் இருந்த எண்ணுக்குக் காலை 10.20க்கு அழைத்தேன். எடுத்தது மகன், பூபதி. பவானியில் இருக்கிறாராம். ஒன்றரை மாதமாக அப்பாவைத் தேடுகிறாராம். குரல் உடைந்தது. வழக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். "ஐயோ, எங்கப்பா ஒரு எறும்பக்கூட நசுக்க மாட்டாருங்க" என்றார். அப்படியானால் விரலை எதற்குத் தேய்க்கிறார், கண்ணில்தானே பதிவை எடுக்க வேண்டியிருந்தது என்று கேட்டேன். கூடத்தின் முகவரியை மட்டும் கேட்டார்.

அக்காவிடம் சொல்லவில்லை. நாளை ஆள் வரும்போது தெரியத்தானே போகிறது.

அக்டோபர் 30, புதன்

மாலை 4.15க்குக் கார் வந்தது. பூபதி நாற்பது வயது, நெற்றியில் திருநீறு, பணிவு. புது வேட்டி, இரண்டு கிலோ மைசூர்பாகு, அத்தனை பேருக்கும் வாழைப்பழம். நாளை தீபாவளி.

கண்டக்டர் அப்போது ராக்கம்மாளுக்குப் பேருந்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் கதை நின்றுவிட்டது. "வந்துட்டயா பூபதி" என்று மட்டும் சொன்னார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். சண்டை இல்லை, அழுகை இல்லை. போகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். காரருகே பூபதி அப்பாவின் கையைப் பிடித்தார். பாசம் என்று நினைத்தேன். விரல்களைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஒவ்வொன்றாக. அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் என்னிடம் வந்து, மெதுவாக, "கண்ணுல எடுத்தீங்களாமே தம்பி. ரிஜிஸ்டர் ஆபீசுலயும் அந்த மிஷினு இருக்குங்களா? அங்க ஏத்துக்குவாங்களா?" என்றார்.

ஏற்பார்கள் என்றேன். எப்படி வேலை செய்கிறது என்றும் விளக்கினேன். கேட்டால் எனக்கு விளக்கிவிட வேண்டும்.

'குடும்பத்துடன் சேர்க்கப்பட்டோர்: 1.' தலைமை அலுவலகத்திலிருந்து கைதட்டுகிற படம் அனுப்பினார்கள். அக்கா அனுப்பவில்லை. வெளியே போயிருந்தவர் திரும்பி வந்து காலிப் பாயைப் பார்த்தார். "அவருகிட்டக் கேட்டியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இட்லி, கேசரி. மாலைக் கணக்கு 38. முப்பத்தொன்பது என்று யாரும் சொல்லவில்லை.

பூபதி எதற்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் பற்றிக் கேட்டார்?

நவம்பர் 1, வெள்ளி

காலை 9.10. கூடத்தின் எண்ணுக்கு ஒரு பெண் அழைத்தார். வளர்மதி, கண்டக்டரின் மகள். ரங்கநாயகி நகர் வீட்டில் இருப்பவர் இவர்தான். கணவர் விட்டுப் போய் ஏழு வருடம். இரண்டு பெண் குழந்தைகள். தையல் வேலை.

"எங்கப்பா அங்க இருக்கறாருன்னு எங்கண்ணங்கிட்டச் சொன்னது யாருங்க?"

நான் என்றேன்.

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. புகார் எழுதித் தருகிற மாதிரி வரிசையாகச் சொன்னார். வீடு அப்பா பெயரில் இருக்கிறது. அண்ணன் தன் பெயருக்கு எழுதி வாங்கி விற்கப் பார்க்கிறார். ஆகஸ்டில் இரண்டு தடவை அப்பாவைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு தடவையும் கருவி விரலை ஏற்கவில்லை. விரல் தேறட்டும் என்று தினமும் எண்ணெய் போட்டுவிட்டார். மூன்றாவது தடவை போவதற்கு முதல் நாள் அப்பா காணாமல் போனார். மகளிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது திங்கட்கிழமை பதினொன்றரைக்கு நேரம் வாங்கியிருக்கிறார்கள். கண்ணில் எடுக்கலாமாம், யாரோ இன்ஜினியர் சொன்னாராம்.

"எழுதிட்டாருன்னா இந்தப் புள்ளைகளக் கூட்டிட்டு நான் எங்கங்க போவேன்? உங்க கூடத்துல எடம் இருக்குங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நாற்பது பாயில் இரண்டு காலி என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

நான் சந்தேகப்பட்டது சரிதான். மறைக்க ஒன்று இருந்தது. ஆளைத்தான் மாற்றிச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். கண் விஷயத்தையும். அவர் அடுப்பை அணைத்தார். அப்புறம், "பவானிக்கு அரை மணி நேரந்தான். போய்ப் பாரு. அந்த அம்மாவுக்காகப் பேசாத. அவரு என்ன சொல்றாருன்னு கேளு. கேக்கறது எப்படின்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

நவம்பர் 2, சனி

பவானி. பூபதி கடைக்குப் போயிருந்தார். மருமகள் காபி கொடுத்துவிட்டு, போன் பேச உள்ளே போனார். கண்டக்டர் புது வேட்டியில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

எழுதிக்கொடுக்க விருப்பமா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் இல்லை என்று மகனிடம் சொல்லுங்கள், ஒரு வார்த்தைதானே என்றேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவன் அடிப்பானா என்றும் கேட்டேன்.

"சேச்சே. கைய ஓங்குனதில்லீங்க. பக்கத்துல வந்து உக்காந்து அப்பாம்பான். அவ்வளவுதான். இருபத்தொம்பது வருசம் வண்டியில எத்தன பேர எறங்குய்யான்னு வெரட்டியிருக்கறேன். போலீசுக்காரன எறக்கியிருக்கறேன். என்ற பையன்கிட்ட மட்டும் வாய் வர்றதில்லீங்க தம்பி. அதுக்குத்தான் வெரலச் சொல்ல வெச்சேன். மிஷினு வேண்டாம்னு சொல்லிப்போட்டா அவனுக்கும் வருத்தமில்ல, எனக்கும் பாவமில்ல."

கையை விரித்துப் பார்த்தார். மூன்று நாள் தேய்க்காததில் தோல் வளர ஆரம்பித்திருந்தது.

மகன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணைக் காட்டியதும் கருவியே தானாக மகனின் போனுக்குத் தகவல் அனுப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "மிஷினு என்னங்க பண்ணும் பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒரு வழி சொன்னேன். பூபதி வாங்கியிருப்பது பதினொன்றரைக்கு. அதற்கு முன் பத்தே காலுக்கு ஒரு நேரம் காலியாக இருக்கிறது, போனில் பார்த்துவிட்டேன். அதே அலுவலகம், அதே கருவி. வீட்டை வளர்மதி பெயருக்கு அவரே எழுதிவைத்துவிடலாம். பத்திரம் வளர்மதியிடம்தான் இருக்கிறது. அப்புறம் மகனுக்கு எழுதிக்கொடுக்க வீடே இருக்காது. வாயால் சொல்லவே தேவையில்லை.

"அவன் பதினொன்னரைக்கு வந்து நிப்பானே" என்றார்.

நிற்பார் என்றேன்.

"மூஞ்சியப் பாக்கோணுமே."

அதற்கு என்னிடம் கருவி இல்லை. அப்படியே சொன்னேன். அவர் கொஞ்சம் சிரித்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார். சட்டை இல்லை. வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார்.

நவம்பர் 3, ஞாயிறு

பத்திரம் எழுதுபவரை வீட்டில் போய்ப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை எழுத மாட்டேன் என்றார். அக்கா அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுதினார். வளர்மதி அண்ணனை நினைத்து அழுதுகொண்டே தன் பெயரின் எழுத்தைச் சரிபார்த்தார். இப்படியும் ஒரு குடும்பம். பத்தே கால் நேரத்தைப் போனில் பதிந்துவைத்தேன்.

மாலை 5.30க்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கண்டக்டர். டீக்கடையில் யாருடைய போனோ. பின்னால் டம்ளர் சத்தம்.

"காலைல ஏழு அம்பதுக்கு ஈரோட்டுக்கு ஒரு வண்டி இருக்குதுங்க தம்பி. டிரைவரு நம்மாளு. எட்டரைக்கெல்லாம் எறக்கி உட்டுருவான்."

வருகிறீர்களா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வண்டி இருக்கிறது என்றுதான் சொன்னார். திரும்ப அழைக்க எண்ணை அழுத்திவிட்டு, நானே துண்டித்தேன்.

நாளை செய்ய வேண்டியவை:

1. காலை 8.15க்குப் பேருந்து நிலையத்தில் நிற்பது. அதற்கு முன் பவானிக்குப் போன் செய்யக் கூடாது. பேருந்தில் அவர் இல்லையென்றாலும் செய்யக் கூடாது.

2. சாட்சிகள்: நான், பிலோமி அக்கா. அடையாள அட்டை, நகல் இரண்டிரண்டு.

3. விருப்பத்தோடுதான் எழுதிக்கொடுக்கிறீர்களா என்று பதிவாளர் கேட்பார். அந்தப் பதில் அவருடையது. எவ்வளவு நேரமானாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது.

4. விரல் ஏற்காமல் கண் என்றால், இது கண் மருத்துவம் இல்லை, இது எதற்கு என்று உட்கார்வதற்கு முன்பே அவரிடம் சொல்ல வேண்டும்.

5. பதினொன்றரைக்குப் பூபதி வருவார். நான் நகரக் கூடாது. கேட்டால் என் பெயர், வேலை, செய்தது எல்லாம் சொல்ல வேண்டும்.

6. அறிக்கையில் 'குடும்பத்துடன் சேர்க்கப்பட்டோர்' கட்டத்தை அடித்துவிட்டு 0 என்று எழுதி, காரணத்தை என் கையெழுத்தில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது.

7. அவர் மனம் மாறி வீட்டை மகனுக்கே எழுதிவைத்தால், வளர்மதிக்கும் பிள்ளைகளுக்கும் பெண்கள் பக்கம் மூன்று பாய். அவர் வந்தால் அவருக்கும் ஒன்று. காரணம் கேட்கக் கூடாது.

8. மகனுக்குத் தகவல் சொன்னது கருவி இல்லை, நான்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். கேட்டதும் அவர் அடுத்த வண்டியில் திரும்பிப் போய்விடலாம். பதிவு முடிந்த பிறகு சொன்னால் வளர்மதிக்கு வீடு உறுதி. முன்னால் சொன்னால் தெரியாது.

முன்னால்.